மூன்று பேருக்கு மேல் வாசிக்கக் கூடாது

நியூயார்க்கில் உணவகமோ மதுக்கூடமோ நடத்துபவர், வந்தவர்கள் எழுந்து ஆட அனுமதிக்க வேண்டுமானால் அதற்கென்று நகர நிர்வாகத்திடம் தனி உரிமம் வாங்கியிருக்க வேண்டியிருந்தது. 1926-ல் வந்த இந்த விதி 2017 வரை, 91 ஆண்டுகள் நீடித்தது. அதை நீக்கிய சமயத்தில் நகரத்தில் சாப்பாடும் மதுவும் விற்கும் இடங்கள் ஏறக்குறைய 25,000 இருந்தன. உரிமம் வைத்திருந்தவை 97. மற்ற எந்த இடத்திலும் நாலு பேர் பாட்டுக்குக் காலாட்டினால் கடைக்காரர் சட்டத்தை மீறியவர் ஆவார்.

கேபரே சட்டம் என்று அதற்குப் பெயர். பழைய தமிழ்ப் படங்களில் வரும் கேபரே நடனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. உணவோ பானமோ விற்கும் இடத்தில் பாட்டு, வாத்தியம், நடனம் என்று எது நடந்தாலும் சட்டத்தின் பார்வையில் அந்த இடம் கேபரேதான். மூலையில் ஒருவர் உட்கார்ந்து பியானோ வாசித்தால்கூட, தொடக்க காலத்தில், லைசென்ஸ் வேண்டும்.

1920-லிருந்து அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு. ஆனால் நியூயார்க்கில் குடி நிற்கவில்லை. நிலவறைகளுக்கும் பின்கட்டுகளுக்கும் இடம் மாறியது, அவ்வளவே. கூடவே ஜாஸ் வந்தது. தெற்கு மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே வந்த கறுப்பின மக்கள் ஹார்லெம் பகுதியில் குடியேறியிருந்தார்கள். அந்தத் தெருக்களில் ஒலித்த இசையைக் கேட்க நகரின் மறுகோடியிலிருந்து வெள்ளைக்காரர்கள் இரவுதோறும் கார் பிடித்து வந்தார்கள். 1926 மார்ச்சில் ஹார்லெமின் லெனக்ஸ் அவென்யூவில் சவாய் பால்ரூம் என்ற நடனக்கூடம் திறக்கப்பட்டது. ஹார்லெமின் இன்னொரு பிரபல இடமான காட்டன் கிளப்பில் மேடையில் கறுப்பர்கள், மேசைகளில் வெள்ளையர்கள் மட்டும் என்று ஏற்பாடு. சவாயில் அப்படி இல்லை. இரண்டு இனத்தாரும் ஒரே தளத்தில், சில சமயம் ஒருவர் கையை ஒருவர் பிடித்து ஆடினார்கள்.

அந்த ஆண்டுதான் கேபரே சட்டமும் வந்தது. அதில் கையெழுத்திட்ட மேயர் ஜிம்மி வாக்கர் ஊரறிந்த இரவு வாழ்க்கைப் பிரியர். இரவுக் கிளப்புகளில் ஆட்டம் வரம்பு மீறிவிட்டது, அடக்கியாக வேண்டும் என்று நகர மன்றத்தின் குழு அறிக்கை கொடுத்தது. விடியற்காலை மூன்று மணிக்குக் கடையை மூட வேண்டும், நடத்துபவரின் நடத்தை திருப்தியாக இருக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் எழுதப்பட்டன. ஹார்லெம் என்றோ கறுப்பர் என்றோ சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் இந்தச் சட்டத்தின் வரலாற்றைத் தோண்டி எடுத்து 1991-ல் 'கிக்ஸ்' என்ற நூலாக எழுதிய நியூயார்க் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் பால் செவிக்னி, ஜாஸ் மீதும் இனங்கள் கலந்து பழகுவதன் மீதும் அன்றைய நகரப் பெரியவர்களுக்கு இருந்த வெறுப்பு இதன் அடியில் ஓடுகிறது என்று காட்டுகிறார். பின்னால் நடந்தவற்றைப் பார்த்தால் அவர் சொல்வதை மறுப்பது கடினம். 1943-ல் ஒழுக்கக்கேடு என்று காரணம் சொல்லி சவாயையே போலீஸ் பல மாதங்கள் மூடி வைத்தது. வெள்ளைக்காரப் பெண்கள் கறுப்பர்களோடு ஆடியதுதான் உண்மையான காரணம் என்று ஹார்லெமில் எல்லாரும் பேசினார்கள்.

1931-ல் உரிமம் கொடுக்கும் வேலை போலீஸ் துறையின் கைக்குப் போனது. அதற்குப் பிறகுதான் சட்டம் கடைக்காரரைத் தாண்டிக் கலைஞரின் சட்டைப்பை வரை வந்தது.

1940-ல் போலீஸ் ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. உரிமம் பெற்ற இடத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் 'கேபரே கார்டு' என்ற அடையாள அட்டை வாங்க வேண்டும். பாடுபவர், வாத்தியக்காரர், நகைச்சுவைக் கலைஞர் மட்டுமல்ல, சமையல்காரரும் பரிமாறுபவரும்கூட. காவல் துறை அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். பத்து விரலிலும் மை தடவிக் கைரேகை எடுப்பார்கள். போட்டோ, கேள்விகள், இரண்டு டாலர் கட்டணம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த இரண்டு டாலர்கள் போலீஸ்காரர்களின் ஓய்வூதிய நிதிக்குப் போய்ச் சேர்ந்தன. பழைய வழக்கு ஏதாவது இருந்தால் கார்டு கிடைக்காது. கையில் இருப்பதையும் பிடுங்கிக்கொள்ளலாம். கார்டு இல்லாதவருக்கு மது விற்கும் எந்தக் கிளப்பிலும் வேலை இல்லை. ஜாஸ் கலைஞருக்கு நியூயார்க்கில் வேறு எங்கே வேலை இருந்தது? குற்றவாளியைப் போல் கைரேகை கொடுக்க முடியாது என்று ஃபிராங்க் சினாட்ரா பல ஆண்டுகள் நியூயார்க் கிளப்புகளில் பாடாமலே இருந்தார். அவருக்கு ஹாலிவுட் இருந்தது, லாஸ் வேகஸ் இருந்தது. வாரச் சம்பளத்தில் வாழ்ந்த வாத்தியக்காரருக்கு அந்த வசதி கிடையாது.

ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேக்கு 1947-ல் போதைப்பொருள் வழக்கில் தண்டனை ஆனது. மேற்கு வர்ஜீனியாவில் ஆல்டர்சன் பெண்கள் சிறையில் இருந்துவிட்டு 1948 மார்ச்சில் வெளியே வந்தார். அதே மாதம் 27-ம் தேதி கார்னகி ஹாலில் கச்சேரி. அரங்கு நிறைந்தது. கார்னகி ஹாலில் மேசை போட்டு மது பரிமாறுவதில்லை. அதனால் அங்கே பாட கார்டு தேவையில்லை. ஆனால் அவருடைய குரலுக்கு உரிய இடம் நூறு பேர் நெருக்கி உட்காரும் சின்னக் கிளப். அங்கே சட்டப்படி அவர் பாட முடியாது. போலீஸ் கண்டும் காணாமல் விட்ட ஓரிரு சந்தர்ப்பங்கள் தவிர, 1959 ஜூலையில் 44 வயதில் இறக்கும்வரை அந்தக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. அனுபவித்து முடித்த தண்டனைக்கு மேல் இன்னொரு தண்டனை. அதற்கு நீதிமன்றமும் இல்லை, கெடுவும் இல்லை.

பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கின் கதையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1951 ஆகஸ்டில் அவரும் சக பியானோ கலைஞர் பட் பவலும் இருந்த காரைப் போலீஸ் சோதனை போட்டது. ஹெராயின் அகப்பட்டது. அது தன்னுடையதல்ல என்று மங்க் சொல்லியிருக்கலாம். சொன்னால் பவல் மாட்டிக்கொள்வார். பவல் ஏற்கெனவே மனநலம் குன்றி மருத்துவமனைகளில் அவதிப்பட்டவர். மங்க் வாயைத் திறக்கவில்லை. 60 நாள் சிறை. வெளியே வந்தபோது கார்டு பறிபோயிருந்தது. அடுத்த ஆறு ஆண்டுகள், 39 வயதுவரை, ஒரு கலைஞன் தன் உச்சத்தில் இருக்க வேண்டிய காலத்தில், சொந்த ஊரின் கிளப்புகளில் அவர் பெயர் போட்டு வாசிக்க முடியவில்லை. மனைவி நெல்லி வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினார். மங்க் மேற்கு 63-ம் தெரு வீட்டில் பியானோ முன் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்கு கார்டு வேண்டாம் என்பதால் 'பிரில்லியன்ட் கார்னர்ஸ்' போன்ற இசைத்தட்டுகள் வந்தன.

1957-ல் கார்டு திரும்பக் கிடைத்தது. கூப்பர் சதுக்கத்தில் ஃபைவ் ஸ்பாட் என்ற சின்ன பார், ஓவியர்களும் கவிஞர்களும் மலிவாக பீர் குடிக்க வரும் இடம். அங்கே அந்தக் கோடையில் மங்க் ஒரு நால்வர் குழுவோடு உட்கார்ந்தார். சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேன். மாதக்கணக்கில் நடந்த அந்தக் கச்சேரிகள் ஜாஸ் வரலாற்றையே திருப்பிவிட்டன என்று இன்றும் பேசுகிறார்கள். ஆறு ஆண்டுகளில் இப்படி எத்தனை இரவுகள் நடக்காமல் போயின என்று எண்ணும்போது வயிறு எரிகிறது. மறு ஆண்டே டெலவேரில் ஒரு மோட்டலில் தண்ணீர் கேட்டு நின்ற மங்க்கைப் போலீஸ் அடித்து இழுத்துப்போனது. அந்த வழக்கின் பேரில் கார்டு மறுபடியும் போனது.

சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் பட்டப்பெயரான 'பேர்ட்' என்பதை வைத்து 1949-ல் பேர்ட்லேண்ட் என்று ஒரு கிளப்பே திறந்தார்கள். 1951-ல் அவருடைய கார்டு பறிக்கப்பட்டபோது தன் பெயர் தாங்கிய கிளப்பிலும் அவர் வாசிக்க முடியாமல் போனது. மனைவி மக்களைக் காப்பாற்ற வேலை செய்யும் உரிமையைக் கொடுங்கள் என்று 1953-ல் மாநில மதுபான ஆணையத்துக்கு அவர் கடிதம் எழுதிக் கெஞ்ச வேண்டியிருந்தது.

டிராம்போன் கலைஞர் ஜே. ஜே. ஜான்சன் பழைய வழக்கு ஒன்றின் காரணமாக ஆண்டுக்கணக்கில் தற்காலிக அனுமதியில் காலம் தள்ளியவர். அவரும் வேறு சிலரும் வழக்கறிஞர் மேக்ஸ்வெல் கோஹன் துணையோடு நீதிமன்றம் போனார்கள். 1959-ல் ஜான்சனுக்கு முழு கார்டு கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மறு ஆண்டு அக்டோபரில் மேடை நகைச்சுவைக் கலைஞர் லார்டு பக்லியின் கார்டைப் போலீஸ் பிடுங்கியது. இருபது ஆண்டுக்கு முந்தைய சில்லறைக் கைதுகளை விண்ணப்பத்தில் மறைத்தார் என்பது குற்றம். கார்டைத் திரும்பப் பெற அலைந்துகொண்டிருந்தபோதே நவம்பர் 12-ல் அவர் இறந்துபோனார். எழுத்தாளர்கள் திரண்டார்கள், பத்திரிகைகள் எழுதின. ஆனாலும் கார்டு முறை ஒழிய 1967 ஆனது.

கார்டு ஒழிந்தாலும் சட்டம் ஒழியவில்லை.

சட்டத்தில் காலப்போக்கில் ஒரு சலுகை சேர்க்கப்பட்டிருந்தது. பின்னணி இசை என்றால் லைசென்ஸ் வேண்டாம். ஆனால் வாசிப்பவர்கள் மூன்று பேருக்கு மேல் போகக் கூடாது. வாத்தியங்கள் பியானோ, ஆர்கன், அக்கார்டியன், கிடார் அல்லது தந்தி வாத்தியம் மட்டும். ஊதும் வாத்தியமும் தட்டும் வாத்தியமும் கூடாது. இது ஜாஸின் கழுத்தில் கைவைத்த விதி. சாக்ஸபோன், டிரம்பெட், டிரம்ஸ் மூன்றும் போனால் மிஞ்சுவது என்ன? கிரீன்விச் வில்லேஜில் ப்ராட்லீஸ் என்ற பார் பியானோவும் பாஸும் மட்டும் சேரும் இரட்டையர் கச்சேரிக்குப் பேர்போனது. அந்த வடிவம் அங்கே வேரூன்றியதில் ரசனைக்கு எவ்வளவு பங்கோ, டிரம்ஸைத் தடுத்த விதிக்கும் அவ்வளவு பங்கு உண்டு. சத்தத்தைக் கட்டுப்படுத்தவே இந்த விதி என்று நகரம் சொன்னது. ஆம்ப்ளிஃபையரில் செருகிய எலக்ட்ரிக் கிடாருக்குத் தடை இல்லை, புல்லாங்குழலுக்குத் தடை என்றால் அந்த வாதம் எப்படி நிற்கும்?

வைப்ரஃபோன் கலைஞர் வாரன் சியாசன் பெயரில், இசைக் கலைஞர்களின் தொழிற்சங்கமான லோக்கல் 802-ன் ஆதரவோடு வழக்குத் தொடரப்பட்டது. கலைஞர்களுக்காக வாதாடியவர்களில் பால் செவிக்னியும் ஒருவர். 1986-ல் வாத்தியத் தடை விழுந்தது. 1988-ல் மூவர் வரம்பும் விழுந்தது. எந்த வாத்தியம், எத்தனை பேர் என்று அரசு தீர்மானிப்பது கருத்துரிமையில் தலையிடுவது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இரண்டு தலைமுறைக் கலைஞர்கள் கட்டுப்பட்டுக் கிடந்த விதி அது. இசைக்கு விடுதலை கிடைத்தது, நடனத்துக்குக் கிடைக்கவில்லை. பொழுதுபோக்காக ஆடுவதைக் கருத்து வெளிப்பாடு என்று கொள்ள முடியாது என்று 2007-ல்கூட மேல்முறையீட்டு மன்றம் சொல்லிவிட்டது.

உரிமமே தேவையில்லை என்று சொல்வதற்கில்லை. கூட்டம் கூடும் இடத்தில் உயிர்கள் இருக்கின்றன. பாஸ்டன் நகரில் 1942 நவம்பர் 28 இரவு கோகோநட் குரோவ் கிளப்பில் தீப்பிடித்து 492 பேர் இறந்தார்கள். பிரதான வாசலில் இருந்த சுழல்கதவில் கூட்டம் சிக்கி அடைத்துக்கொண்டது. பக்கக் கதவுகள் சில பூட்டிக் கிடந்தன, சில உட்பக்கமாகத் திறப்பவை. முண்டியடித்த கூட்டத்தால் அவற்றை இழுக்கவே முடியவில்லை. ஒரு வாரத்துக்கு முன்புதான் தீயணைப்புத் துறை ஆய்வு செய்து நல்ல நிலை என்று எழுதிக் கொடுத்திருந்தது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், சுழல்கதவை ஒட்டிச் சாதாரணக் கதவு இருக்க வேண்டும், வெளியேறும் வழிக்கு விளக்கு வேண்டும் என்று அமெரிக்க நகரங்கள் அதன் பிறகு விதிகளை இறுக்கியது நியாயம்.

நியூயார்க்கில் 1990 மார்ச் 25 அதிகாலை பிராங்க்ஸ் பகுதியில் ஹேப்பி லேண்ட் என்ற சமூகக் கிளப்பில் தீ வைக்கப்பட்டது. உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் ஹோண்டுராஸிலிருந்து குடியேறிய இளைஞர்கள். தங்கள் ஊர் இசைக்கு ஆட வந்தவர்கள். தெருவாசலில் பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்தான் ஒருவன். மாடியில் இருந்தவர்களுக்கு வேறு வழியில்லை. தண்ணீர் தெளிப்பான் இல்லை, அபாய மணி இல்லை. சில நிமிடங்களில் 87 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் புகையில் மூச்சு முட்டி. அந்த இடத்தை மூடச் சொல்லி நகரம் உத்தரவு போட்டது 1988 நவம்பரில். உத்தரவு காகிதத்தில் இருந்தது, கிளப் நடந்துகொண்டிருந்தது.

இந்தச் சாவுகளைக் காட்டித்தான் பின்னாளில் கேபரே சட்டத்தைக் காப்பாற்ற முயன்றார்கள். ஆனால் ஹேப்பி லேண்டில் இல்லாதது மாற்று வாசல். அதைக் கேட்கும் கட்டட விதியும் தீ விதியும் தனியாக ஏற்கெனவே இருந்தன. கேபரே உரிமம் கேட்டது வேறு. அதை வாங்க முதலில் நகரத் திட்ட வரைபடத்தில் நடனம் அனுமதிக்கப்பட்ட வட்டாரத்தில் கடை இருக்க வேண்டும். பிறகு பல துறைகளின் சான்று, வழக்கறிஞர், பொறியாளர் என்று செலவு. ஏழை வட்டாரத்தில் வாடகைக்கு மாடி எடுத்து வார இறுதியில் பாட்டுப் போடுபவரால் இது ஆகிற காரியமா? எட்டாத உயரத்தில் உரிமத்தை வைத்தால் ஆட்டம் நிற்காது. ஆய்வாளர் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விடும். தீ காத்திருக்கும் இடமும் அதுதான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மேயர் ரூடி ஜூலியானி, தூசி படிந்து கிடந்த நடன விதியைக் கையிலெடுத்தார். பல துறை அதிகாரிகள் ஒன்றாகச் சேர்ந்த குழு இரவில் வந்து இறங்கும். உரிமம் இல்லாத பாரில் நாலு பேர் ஆடிக்கொண்டிருந்தால் அபராதம், இல்லையென்றால் கதவுக்குப் பூட்டு. சுவர்களில் 'இங்கே ஆடக் கூடாது' என்று பலகைகள் முளைத்தன. அடிபட்டவர்களில் கறுப்பர்கள், லத்தீன் அமெரிக்கர்கள், ஓரினச் சேர்க்கையாளர்கள் கூடும் இடங்கள் ஏராளம். எதிர்ப்பும் தெருவுக்கு வந்தது. 2007-ல் தொடங்கி ஆண்டுதோறும் மே மாதம் பல நடனக் குழுக்கள் பிராட்வே வழியாக ஆடிக்கொண்டே ஊர்வலம் போயின.

2014-ல் புரூக்ளினில் பார் வைத்திருந்த ஒரு வழக்கறிஞர், தன் கடையில் சிலர் அசைந்தாடியதற்காக வந்த நோட்டீஸை விடவில்லை. கூட்டாட்சி நீதிமன்றத்தில் சட்டத்தையே கேள்வி கேட்டார். 2016 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் கோஸ்ட் ஷிப் என்ற பழைய கிடங்கில் நடந்த இசை நிகழ்ச்சியில் தீப்பிடித்து 36 பேர் இறந்த செய்தி நியூயார்க்கை உலுக்கியது. நம் ஊரிலும் இப்படி ஒளிந்து ஆடும் கிடங்குகள் உண்டு, அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால்தான் காப்பாற்ற முடியும் என்ற பேச்சு வலுத்தது. புரூக்ளினைச் சேர்ந்த நகர மன்ற உறுப்பினர் ரஃபேல் எஸ்பினால் கொண்டுவந்த மசோதா 2017 அக்டோபர் 31-ல் 44-க்கு 1 என்று நிறைவேறியது. நவம்பர் 27-ல் மேயர் பில் டி பிளாசியோ புரூக்ளினின் எல்ஸ்வேர் கிளப்புக்கே வந்து கையெழுத்திட்டார். பெரிய கிளப்புகளில் கேமரா, பதிவு பெற்ற காவலர் போன்ற பாதுகாப்பு விதிகளை மட்டும் தக்கவைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கும் முழுதாக முடியவில்லை. நகரத் திட்ட விதிகளில் நடனத்துக்குத் தனி வட்டாரம் என்ற பகுதி அப்படியே இருந்தது. ஆகவே பல தெருக்களில் பார் நடத்தலாம், பாட்டுப் போடலாம், ஆட மட்டும் முடியாது என்ற நிலை தொடர்ந்தது. 2024 ஜூனில் நகர மன்றம் திட்ட விதிகளைத் திருத்தியபோதுதான் அது எடுபட்டது. இன்று புதிதாகக் கிளப் தொடங்குபவர் 75 பேரோ அதற்கு மேலோ கூடும் இடம் என்றால் கட்டடத் துறையின் சான்று வாங்க வேண்டும். எத்தனை வாசல், எத்தனை பேர், மேசை எங்கே என்ற வரைபடம் அதில் இருக்கும். மதுபான உரிமத்துக்கு மாநில ஆணையத்திடம் போகும்போது, நேரடி இசை உண்டா, டிஜே உண்டா, நடனம் உண்டா என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வட்டாரக் குழு நடனம் வேண்டாம் என்று நிபந்தனை கேட்டு, உரிமதாரர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அந்தக் கடையில் அது இப்போதும் செல்லும்.